விழும் விதம்

பகலில் நான் சுற்றுவது மோட்டார்.
செம்பனை ஆலையின் பம்புகள் எரிந்துபோய்
லோரியில் வரும், கருகிய வாடையோடு.
வயிற்றைத் திறந்து பழைய கம்பியை உருவுவேன்.
புதியதைச் சுற்றுவேன்,
ஒரு சுருளுக்கு நாற்பத்திரண்டு சுற்று.
எண்ணும்போது யாரும் பேசக்கூடாது.
தவுக்கே லாவ் ரேடியோவைக்கூட அணைத்துவிடுவார்.

வெட்டி விழும் துண்டுகள்
இரவில் தோடாகும், கொலுசாகும்.
வெள்ளிக்கிழமை புக்கிட் ரோத்தான் இரவுச் சந்தையில்
அப்பம் பாலிக் வண்டிக்கும்
கைப்பேசி உறை விற்பவனுக்கும் நடுவே
எனக்கொரு மடக்கு மேசை.
செம்பா, என்பார்கள்.
செம்புதான்.
பத்து வெள்ளி என்றால் ஏழுக்குக் கேட்பார்கள்.
செம்பைக் கொடுத்து வெள்ளி வாங்குவது
அவ்வளவு சுலபமில்லை.

விமலேஸ்வரி செவ்வாயன்று வந்தாள்,
கடை அடைக்கும் நேரம்.
கைப்பேசியில் ஒரு படம்: அவள் கழுத்து, போன தீபாவளி.
இரண்டு விரலால் விரித்து விரித்து
முகம் போய், புடவை போய்,
சங்கிலியின் பின்னல் மட்டும் நிற்கும்வரை கொண்டுபோனாள்.
"இதே மாதிரி. சனிக்கிழமைக்குள்."
அசல் எங்கே என்று நான் கேட்கவில்லை.
இந்த வட்டாரத்தில் பஜாக் கடை இரண்டு,
இரண்டிலும் ஏர்கோன் நன்றாக வேலை செய்கிறது.
கொழுந்தன் கல்யாணம் என்றாள்.
மாமியாருக்குக் கண்ணிலேயே தராசு என்றாள்.

செம்பு ஆகாது.
கிள்ளானுக்கு பஸ் ஏறிப் பித்தளைக் கம்பி வாங்கினேன்.
அடுப்பில் காட்டி, சிவந்ததும் தண்ணீரில் போட்டு,
புளியில் ஊறவைத்தேன்.
முரட்டுக் கம்பி சொன்ன பேச்சு கேட்டது.
பென்சிலைச் சுற்றி ஆறு வளையம்.
ஏழாவது, முதலாவதின் கழுத்துக்குப் பின்னால் புகுந்து
முன்னால் வரும்.
அப்படியே, அப்படியே, இரண்டு இரவு.
ஆள்காட்டி விரலில் இரண்டு இடத்தில் ரத்தம்.
வாட்ஸ்அப்பில் அவளிடமிருந்து
வார்த்தையில்லாத கேள்விக்குறிகள்.

காய் நறுக்கும் பலகையில் துளைகள் போட்டு வைத்திருக்கிறேன்,
பெரியதிலிருந்து சின்னதாக.
குறட்டால் பிடித்து இழுத்தால்
துளைக்குத் துளை மெலியும்.
மெலிய மெலிய நீளும்.
சம்பளத்தையும் ஒருநாள்
இதில் விட்டு இழுத்துப் பார்க்கவேண்டும்.

சனிக்கிழமை கோயில் மண்டபத்தில்
நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன், கையில் சிராப் தண்ணீர்.
நன்றாகத்தான் கிடந்தது. குறை சொல்ல முடியாது.
ஆனால் தங்கம் கழுத்தில் படுத்திருக்கும்,
பித்தளை உட்கார்ந்திருக்கும்.
குனிந்தால் தெரிந்துவிடும்.
முன்னால் விழுகிற தங்கம்
சற்று நின்று, யோசித்து, திரும்பும்.
கனமில்லாதது ஓடி வரும்.
விமலேஸ்வரிக்கு இது யார் சொன்னார்களோ,
தாம்பாளம் எடுக்கக்கூட அவள் குனியவில்லை.
முதுகு வலியாம்.

மாமியார் குனிந்தார்.
மாப்பிள்ளையின் வேட்டிக் கரையைச் சரிசெய்ய.
ஐந்து பவுன் என்று ஊரே சொல்லும் சங்கிலி
முன்னால் விழுந்தது,
ஆடியது,
ஓடி வந்தது.

சிராப்பை உறிஞ்சினேன். பனிக்கட்டிதான் இருந்தது.
அதன்பிறகு மேளத்தில் கவனம் போகவில்லை.
குனிகிறவர்களையே பார்த்தேன்:
மாலை எடுத்துக் கொடுத்தவர்,
அட்சதை பொறுக்கிய சிறுமியின் அம்மா,
செருப்பைத் தேடிய ஆலைக் கிராணியின் மனைவி.
எண்ணினேன்.
பக்கத்து நாற்காலியில் இருந்தவர்
பெண்ணுக்கு எந்த ஊர் என்று கேட்டார்.
எண்ணிக்கை விட்டுப்போனது.

விமலேஸ்வரி மீதிப் பணம் இன்னும் தரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, லேசான தூறல்,
மேசைக்கு எதிரே அவள் மாமியார்.
ஒரு ஜோடித் தோட்டை எடுத்து
உள்ளங்கையில் வைத்து
இரண்டு முறை தூக்கித் தூக்கிப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
செம்பா?
செம்புதான்.
பத்து வெள்ளி கொடுத்தார்.
ஏழுக்குக் கேட்கவில்லை.