முன்பணம்

குழந்தைகள் வார்டில் இரண்டு கட்டில்களுக்கு நடுவே
ஒரு திரை. பச்சை. ஓரத்தில் கிழிசல்.
இந்தப் பக்கம் என் மகன் யுகேந்திரன்,
அந்தப் பக்கம் அவள் மகள் சு யின்.
இருவரையும் கடித்தது ஒரே கொசு வம்சம்.

காலையும் மாலையும் தாதி வந்து
கால்மாட்டுப் பலகையில் எண் எழுதுவாள்.
முப்பத்தெட்டு. இருபத்தாறு. பதினொன்று.
வெள்ளிதோறும் பஜனையில் பாடி வளர்ந்த வாய் எனக்கு.
அந்த வாரம் அதில் மிஞ்சியது
பிளேட்லெட் என்கிற ஒரே சொல்.

நள்ளிரவில், சுடுதண்ணீர் பிடிக்கிற இடத்தில்,
மலாயில் கேட்டாள்:
உங்கள் சாமிக்கு என்ன நேர்ந்தீர்கள்?
பால்குடம், என்றேன்.
நாங்கள் தேங்காய் உடைப்போம், அப்பா காலத்திலிருந்து.
இந்த முறை முந்நூறு.
அந்த எண்ணைக் கேட்டதும்
என் ஒற்றைக் குடம் சிறுத்துப்போனது.
இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது,
கூட ஒரு மொட்டையும் சேர்த்துக்கொண்டேன்,
ஏலத்தில் கை தூக்குகிறவனைப் போல.

வியாழன் விடியுமுன்
திரைக்கு அந்தப் பக்கம் நிறைய செருப்புகள் ஓடின.
பிறகு ஒன்றும் ஓடவில்லை.

அன்று மாலை எங்கள் பலகையில் நாற்பத்திரண்டு.
என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள்.
நானும் தூக்கினேன். பாதியில் நின்றது கை.

இவனைக் காப்பாற்றியது நீ என்றால்
திரையைத் தாண்ட உனக்கு எத்தனை அடி?
வேலுக்கு எட்டாத தூரமா அது?
நீ இல்லை என்றால்
இத்தனை இரவு நான் யாரோடு
பேரம் பேசிக்கொண்டிருந்தேன்?
நன்றி என்று எழுதிக்
கீழே கையெழுத்துப் போட்டால்
அந்தப் பெண் போனதற்கும் சேர்த்து
ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?
குருக்களிடம் கேட்கலாம். வினை என்பார்.
ஆறு வயதில் என்ன வினை,
பலூன் திருடியிருப்பாளா?

விரதம் இருந்தேன். தரையில் படுத்தேன்.
கறி மணக்கிற கடைகளை மூச்சடக்கிக் கடந்தேன்.
நம்பாமலும் எல்லாவற்றையும்
பிசகில்லாமல் செய்ய முடிகிறது.
பயந்தது அதற்குத்தான்.

பூசத்துக்கு முந்தின நாள்
டத்தோ கெராமட் சாலையில்
வெள்ளி ரதம் வர இன்னும் ஒரு மணி நேரம்.
தேங்காய்க் குவியல்களின் வரிசையில்
அவள் நின்றாள்.
ரப்பர் கையுறை. சில்லு தெறிக்காமல் கண்ணுக்குக் கண்ணாடி.
பின்னால், லாரியிலிருந்து இறக்கிய சாக்குகள்.
எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

என்னை அடையாளம் கண்டாள்.
பையன் எப்படி இருக்கிறான்?
நலம், என்றேன்,
திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.
எதற்காக இது என்று நான் கேட்கவில்லை.
முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.
தோளைக் குலுக்கினாள்:
ஆர்டர் கொடுத்தாச்சு.
முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டான் தேங்காய்க்காரன்.

ஒரு காயை என் கையில் வைத்தாள்.
ஓங்கி அடித்தேன். உடையவில்லை.
தடுப்புக் கம்பிக்குக் கீழே உருண்டு போனதை
ஆரஞ்சுச் சட்டை போட்ட வங்காளதேசத்துத் துப்புரவாளர்
காலால் நிறுத்தி, எடுத்துத் தந்து,
விளக்குமாற்றோடு தள்ளிப்போய் நின்றார்.
மறுபடி அடித்தேன்.
முழங்கால் வரை நனைந்தது.

அவள் அதற்குள் பத்துப் பன்னிரண்டு முடித்திருந்தாள்.
அந்த வீச்சில் வேண்டுதல் எதுவும் தெரியவில்லை.
கோபமா, அதுவும் தெரியவில்லை.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பான்.
பிள்ளை போன வீட்டின் பணத்தை
எந்த வியாபாரி வைத்துக்கொள்வான்?
அவள் சொன்னதை நான் நம்பவில்லை.

விடிந்தால் தண்ணீர்மலை ஏற வேண்டும்.
குடத்தின் வாயில் கட்ட மஞ்சள் துணி
இன்னும் வாங்கவில்லை.
திருப்பத்தில் நாதஸ்வரம் கேட்டது.
கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்தாள் அவள்.
நான் குனிந்து
சாக்கிலிருந்து அடுத்த காயை எடுத்துக் கொடுத்தேன்.