நாற்பத்திரண்டு

ராயக்கோட்டைக்கு வடக்கே, தக்காளிப் பெட்டி அடுக்கும் கொட்டகையில்
ஒரு விமானம் நிற்கிறது.
மூக்கு நுனி மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

சுவரில் சாய்ந்து இரண்டு சுழலிகள்.
இரண்டும் பீச் மரம், இரண்டும் அறுபத்திரண்டு அங்குலம்,
ஒரே ஆள் செதுக்கியது, வார்னிஷ்கூட ஒரே டப்பா.
ஒன்றின் நடுக்கட்டையில் நாற்பத்திரண்டு என்று குத்தியிருக்கிறது.
மற்றதில் ஐம்பது.

"இன்னா நம்பர் அது, பஸ்ஸா?"
மீட்டர் பார்க்க வந்த லைன்மேன் முனிசந்திரன்.
திருகாணி ஒரு சுற்றுக்கு மரத்துக்குள் இறங்குமே,
அதுபோல இது காற்றுக்குள் இறங்கும் அங்குலம், என்றேன்.
"காத்து மரமாட்டம் பிடி கொடுக்குமா?"
கொடுக்காது. நழுவும்.
மூன்று வாரமாக நாங்கள் சண்டை போடுவது
அந்த நழுவலைப் பற்றித்தான்.

அஸ்மத்துக்கு ஐம்பது வேண்டும்.
எஞ்சின் அவன் பிரித்துக் கோத்தது, அதன் ஓட்டம் அவனுக்கு மானப்பிரச்சினை.
ஐம்பதைப் பூட்டினால் அவன் அக்கா இருக்கும் வேலூர்
ஐம்பத்தொரு நிமிடம்.
நாற்பத்திரண்டைப் பூட்டினால் ஐம்பத்தெட்டு.
பிரியாணி ஆறிவிடும் என்கிறான்,
ஏதோ அவன் சட்டைப்பையிலிருந்து
நான் ஏழு நிமிடத்தை உருவிக்கொண்டதுபோல.

என் கண்ணில் வேலூர் படவே இல்லை.
தெரிவதெல்லாம் இந்த வயல்:
முந்நூற்று எண்பது மீட்டர் செம்மண்,
முடிவில் முனிசந்திரனின் மூன்று கம்பி.
கடல் மட்டத்துக்கு மேலே இரண்டாயிரத்து அறுநூறு அடி,
மே மாதம், பகல் பதினொன்று.
காற்று டீக்கடைப் பால் மாதிரி நீர்த்துக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வால் கொக்கியில் கயிறு கட்டினோம்,
கயிற்றில் புளி மண்டியில் இரவல் வாங்கிய கடிகாரத் தராசு,
தராசுக்குப் பின்னால் டிராக்டர்.
முதலில் ஐம்பது.
எஞ்சின் முக்கியது, சுற்று இரண்டாயிரத்தைத் தொடவில்லை,
கியர் இறக்காமல் தொப்பூர் ஏறும் லாரி மாதிரி.
முள் நூற்று முப்பத்தாறு கிலோவில் நின்று நடுங்கியது.

நாற்பத்திரண்டு:
இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது.
நூற்று அறுபத்து மூன்று கிலோ.
பின்னால் தக்காளிச் செடிகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்துக்கொண்டன.
யாரோ காயப்போட்ட லுங்கி வேலி தாண்டிப் போனது.

இதிலும் கள்ளம் உண்டு, நான் மறைக்கவில்லை.
நாற்பத்திரண்டு ஏறும்,
ஏறிய பிறகு ஓடாது.
நேர்மட்டத்தில் எஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும்,
த்ராட்டிலை இழுத்துப் பிடித்தபடியே போகவேண்டும்,
குதிரையை வாங்கி
கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போவதுபோல.

"நாற்பத்தாறு ஒண்ணு செய்யச் சொல்லலாமா?"
கைவசம் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம்.
அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

அஸ்மத் வயல் கோடிவரை நடந்தான்.
கம்பிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.
முனிசந்திரனும் கூடப் போனான்,
திரும்பி வந்து சொன்னான்:
வெயிலில் கம்பி தொய்யும், இப்போ ஒரு முழம் உங்களுக்கு லாபம்.
மார்கழியில் விறைத்துக்கொள்ளும்.
மார்கழியில் காற்றும் கெட்டியாகுமே, என்றேன்.
மூவரும் கொஞ்ச நேரம் அந்தக் கணக்கைக் கண்ணாலேயே போட்டோம்.
துர்க்கத்தின் அடியில் தருமபுரி பாசஞ்சர் போனது.

"அக்காவுக்கு போன் பண்ணிடறேன்," என்றான் அஸ்மத்.
"ஏழு நிமிஷம் கழிச்சு தம் உடைக்கச் சொல்லி."

ஆறு போல்ட், எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக.
மரம் காய்ந்தால் சுருங்கும்,
நாளைக்கும் முறுக்கிப் பார்க்க வேண்டும்,
பறந்த பிறகும்.
ஐம்பதை அஸ்மத் பழைய போர்வையில் சுற்றிப்
பரணில் படுக்கையாக வைத்தான்.
நிறுத்தி வைத்தால் ஈரம் ஒரு நுனிக்கு இறங்கிவிடுமாம்.
மூன்று வாரம் அது சுவரில் சாய்ந்தே நின்றதை
நான் ஞாபகப்படுத்தவில்லை.