பின்பக்கம்

கல்லுக்கட்டியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில்
நல்ல தாளை எடுத்தால் முதலாளி முகம் சுருங்கும்.
அதனால் யாரோ ஒருவரின் மணிவிழா அழைப்பு,
பிழை பார்க்க எடுத்த படி,
அதைத் திருப்பிப்போட்டு முதுகில் எழுதினேன்:

வலி வரும்போது நடக்க விடுங்கள்.
தண்ணீர் குடிக்க விடுங்கள்.
உள்ளே வருகிறவர் பெயர் சொல்லிவிட்டு வரட்டும்.
வெட்டுவதாக இருந்தால்
வெட்டும் முன் என்னிடம் சொல்லுங்கள்.

ஐந்தாவதாக ஒன்று எழுதி அடித்துவிட்டேன்.
அது மாமியாரைப் பற்றியது.

நர்ஸ் வாங்கி முன்பக்கத்தை வாசித்தார்.
"அறுபதாங் கல்யாணமா ஒனக்கு?"
சிரித்தேன். சிரித்ததில் வலி கூடியது.
பிறகு திருப்பிப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல்
கேஸ் ஷீட்டுக்கு அடியில் செருகினார்.

அந்த நேரம் வெளிக்கூடத்தில் டிவி ஓடியதாம்.
வீட்டுக்காரர் சோலையப்பன் அப்புறம் சொன்னார்.
'இயற்கைப் பிரசவம்: விழிப்புணர்வா, விபரீதமா?'
சிவப்புப் பட்டைக்கு மேலே
ஆறு கட்டத்துக்குள் ஆறு பேர், ஐவருக்கு மீசை.
வயலில் பெற்றுவிட்டு மிச்சக் களையையும் எடுத்த
நம் பெண்களைப் பற்றி ஒருவர் உருகினாராம்.
வரப்போடு போனவர்களை யாரும் எண்ணவில்லை.
போனைப் பார்த்துப் பட்டியல் போடுகிறவளுக்கு
டாக்டர் எதற்கு என்று இன்னொருவர் கத்த,
இடைவேளை.
சோப்பு விளம்பரத்தில் ஒருத்தி
தலை கலையாமல் பிள்ளை பெற்றிருந்தாள்.
"நீ யாரு கட்சின்னு தெரியாமலே
பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் நடந்துகொண்டிருந்தேன்.
சுவருக்கும் சன்னலுக்கும் பதினோரு நடை.
தண்ணீர் தந்தார்கள், பாட்டில் மூடியில்.
பெயர் சொல்லாமல் மூன்று பேர் வந்தார்கள்,
அதில் ஒருவர் கை மிகவும் குளிர்ந்திருந்தது.
இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால்
குழந்தையின் துடிப்பு இறங்கியது.
டாக்டர் ஷமீமா என் முகத்துக்கு நேரே குனிந்தார்.
"இப்ப வெட்டணும். ஒங்கிட்ட சொல்றேன்."

சரி என்றேன்.
அன்று ராத்திரி அங்கே எனக்குச் சொந்தமாக இருந்தது
அந்த ஒரு சொல்தான்.

மூன்றாம் நாள் நிருபர் ஒருவர் போனில் வந்தார்.
"ஆபரேஷன் வேணாம்னு அடம் பிடிச்சீங்களாமே?"
இல்லை.
"அப்ப கட்டாயப்படுத்திக் கிழிச்சாங்களா?"
இல்லை, சொல்லிவிட்டுக் கிழித்தார்கள்.
"என்னதாம்மா நடந்துச்சு?"
பெண். இரண்டு கிலோ எழுநூறு.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பஸ் இரைச்சல் மட்டும்.
வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் ஏழாம் பக்கத்தில்
கோவிலூர் அருகே புளியமரத்தில் பஸ் மோதல்,
பயணிகள் யாருக்கும் காயமில்லை, படத்துடன்.
இரண்டு தடவை படித்தேன்.
அவர்களுக்காகச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று தாள் திரும்பி வந்தது.
நான்காவது வரியில் சிவப்பு மையில் ஒரு டிக்,
பக்கத்தில் 2.40.
மூன்றாவது வரிக்கு எதிரே ஒரே ஒரு பெயர்:
செ. அமலோற்பவம்.
மற்ற இரண்டு பேர் யாரென்று இன்னும் தெரியாது.

தையல் அரிக்கிற இந்த மழை நாளில்
பாப்பா தூங்கியதும் தாளை எடுத்தேன்.
முன்பக்கம்,
'சுற்றமும் நட்பும் சூழ' என்ற இடத்தில்
ற்-க்குப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது.
நான்தான் பிழை பார்த்தது.
ஐந்நூறு வீட்டுக்கும் அப்படியே போயிருக்கும்.