ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு கச்சேரிகள்

ஹெல்சிங்கி பனிக்கட்டி அரங்கில் மைலிஸ் பாடுகிறாள், எட்டு மணிக்கு.
வல்லிலாவில், சைக்கிள் கடைக்குக் கீழே ஒரு நிலவறையில்
'நனைந்த தீப்பெட்டி' என்று யாரோ நான்கு பேர்,
அதே எட்டு மணிக்கு.

மைலிஸுக்கு நவம்பரிலேயே சீட்டு எடுத்துவிட்டேன்,
யோசிக்காமல்,
பல் தேய்ப்பது போல.

இருபத்தாறு வருடம், ஒன்பது ஆல்பம்.
முதலாவதை வாங்கிய வாரம் டிராம் ஓட்டும் தேர்வில் தோற்றேன்.
மூன்றாவதோடு விவாகரத்து.
ஆறாவதில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது,
என் முழங்காலும்தான்.
ஒன்பதாவதை
அரைத்த மாவு என்று எழுதினார்கள்.
இருக்கட்டும்.
அந்த மாவில்தான் இத்தனை நாள் ரொட்டி சுட்டேன்.

ஆனாலும் செவ்வாய் இரவு,
கடைசி வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு அதைப் போட்டபோது
இரண்டாம் பாட்டிலேயே என் காது
எனக்கு முன்னால் இறங்கி
அடுத்த நிறுத்தத்தில் போய் நின்றது.
எங்கே திரும்புவாள், எங்கே மூச்செடுப்பாள்,
எல்லாம் தண்டவாளம்.

புதியதை நம்பியும் ஏமாந்திருக்கிறேன்.
போன வருடம் பதினெட்டு நிலவறைகள்.
பதினாறில் வெறும் கூச்சல்.
ஒன்றில் பாடகனுக்கு ஜலதோஷம்.
ஒன்றில் மட்டும் ஒரு பெண்
அக்கார்டியனைச் சுரம் எதுவும் தொடாமல் விரித்து
அதன் மூச்சை மட்டும் கேட்கவிட்டாள்,
ஒரு நிமிடம் இருக்கும்.
அதற்காக இந்த வருடமும் படி இறங்குகிறேன்.

வெள்ளி மாலை நிறுத்தத்தில் ஒரு பையன்.
கையில் அட்டை: மைலிஸ், ஒரு சீட்டு வேண்டும்.
பனியில் ஊறி எழுத்து நீலமாய் ஒழுகியிருந்தது.
"எத்தனை நாளாய்க் கேட்கிறாய்?"
"போன ஞாயிறிலிருந்து."
"எதை?"
ஒன்பதாவதின் பேரைச் சொன்னான்.
குரல் நடுங்கியது,
குளிர் என்று வைத்துக்கொள்ளலாம்.
"முந்தைய எட்டையும் கேட்டதில்லையா?"
"எட்டா இருக்கிறது?"

பொறாமை வந்தது. சொல்ல வெட்கம்தான்.
எட்டு! உறை பிரிக்காத எட்டு!

சீட்டைக் கொடுத்தேன், எடுத்த விலைக்கே.
சும்மா கொடுக்கும் அளவுக்கு நல்லவள் இல்லை.

நிலவறையில் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்,
ஒருவர் டிரம் அடிப்பவனின் அம்மா.
நான்கு பாட்டு தேறவில்லை.
எட்டரைக்கு மனம் ஒருமுறை அரங்குக்குப் போனது:
இப்போது மைலிஸ் பியானோவை விட்டெழுந்து தண்ணீர் குடிப்பாள்.
போய்விட்டு வரட்டும் என்று விட்டேன்.
ஐந்தாவதில் கித்தார்க்காரன் ஒரு சுரத்தைத் தவறவிட்டான்.
விட்டதைத் தேடவில்லை,
அந்தக் குழியையே சுற்றிச் சுற்றி வாசித்தான்.
அப்போதுதான் கோட்டைக் கழற்றினேன்.

முடிந்ததும், ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த பாடகியிடம்
அடுத்தது எப்போது என்றேன்.
தெரியாது என்றாள்.
பேஸ் வாசிப்பவன் ஜூலையில் ராணுவச் சேவைக்குப் போகிறானாம்,
திரும்பிவரக் கிட்டத்தட்ட ஒரு வருடம்.

காத்திருக்க எனக்குத் தெரியும் என்றேன்.