திரும்பி வரும் வாட்

ட்ரான்ஸ்லேட்டர் என்றுதான் லைசென்ஸில் எழுதியிருக்கிறது.
ஒரு சொல்லையும் அது மொழிபெயர்ப்பதில்லை.
ஸ்போகேனிலிருந்து தேய்ந்து வரும் செல்லோவை
முகட்டில் நின்று காது கொடுத்து வாங்கி
அதே செல்லோவை வேறோர் அலைவரிசையில்
பள்ளத்தாக்குக்குள் இறக்கிவிடும்.
பெயர்ப்பது உண்மை. மொழியை அல்ல, இடத்தை.

வெனாச்சிக்கு மேலே அந்த முகட்டில்
ஆட்டுக்கொட்டகை அளவில் ஒரு சிமெண்ட் அறை.
உள்ளே மூன்று நிலையங்கள்.
வெளியே கோபுரத்தில் ஒரே ஆன்டெனா.
ஒண்டுக்குடித்தனம்:
குழாய் ஒன்று, குடம் மூன்று.
முன் போர்ஷனில் சுவிசேஷம். ஐந்து கிலோவாட், வாடகை தவறாதவர்.
நடுவில் கன்ட்ரி: லாரி, பீர், பிரிந்துபோன மனைவி.
கடைசியில், மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கியதுபோல,
இருநூற்றைம்பது வாட்டில் நம் செவ்வியல்.
ஒருவர் சத்தம் இன்னொருவர் சுவரைத் தாண்டாதிருக்க
ஆளுயரச் செம்பு உருளைகள்.
அவற்றின் திருகைக் கால் சுற்று கூடத் திருப்பினால்
செல்லோவின் நடுவே அல்லேலூயா கேட்கும்.

நவம்பர் கடைசியில் பனி இறுகியது.
அனுப்பிய மின்சாரத்தில் கொஞ்சம்
ஆன்டெனா வாசல் வரை போய்
வேண்டாமென்று திரும்பத் தொடங்கியது.
மூவருக்கும் நோவு. மெலிந்தவர் முதலில் படுத்தார்.

குழாயைக் கழற்ற மூவரும் வாயை மூட வேண்டும்.
ஞாயிறு கூடாது என்றது சுவிசேஷம்.
காலை கூடவே கூடாது என்றது கன்ட்ரி,
ட்ரக் விற்பவர் முன்பணம் கட்டியிருக்கிறாராம்.
செவ்வியலின் பொருளாளர் மார்ஜரி ஹெல்ஸ்ட்ராம் மட்டும்
எப்போது வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார்,
எங்களுக்கு ஒன்பது நேயர்கள்,
அதில் எட்டுப் பேர் போர்டிலேயே இருக்கிறோம்.

செவ்வாய் நள்ளிரவு தாண்டி ஒன்று பத்து.
மூன்று பிரேக்கரையும் இறக்கினேன்.
விசிறிகள் ஓய்ந்தபிறகு
சுவருக்குள் எலி ஓடுவது கேட்டது.
ரோமன் எஸ்கெடா தலைவிளக்கோடு ஏறினார்.
நாற்பதாவது அடியில் ஸ்பானிஷில் ஒரு வசவு,
அறுபதில் இன்னொன்று.
இணைப்பைத் திறந்தால் உள்ளே
ஒரு தேக்கரண்டித் தண்ணீர்.
அவ்வளவுதான்,
மூன்று நிலையங்களும் மூச்சுமுட்டிய கடல்.

அப்போது கைபேசி.
கேரி டோலண்ட், சுவிசேஷ நிலையத்தின் மேலாளர்.
தமயந்தியை டாமி ஆக்கியவர்.
எங்கள் தெருவில் அது நாய்க்கு வைக்கும் பெயர்;
பதினோரு வருடமாக நான் சொல்லவில்லை.
"டாமி, எப்போது வரும்?"
உங்களுடையது நாற்பது நிமிடத்தில், என்றேன்.
"என்னுடையது இல்லை."
கொஞ்சம் இருமினார்.
"அந்த வயலின்காரர்களுடையது.
ராத்திரியில் என் சமையலறையில் அதுதான் ஓடும்.
எங்கள் போர்டுக்குத் தெரிய வேண்டாம்."

துடைத்து, உலர்த்தி, புது ரப்பர் வளையம் மாட்டி
ஒவ்வொன்றாக ஏற்றினேன்.
பெரியவரை முதலில் ஏற்றுவதே வழக்கம்.
அன்று மாடிப்படிக்கு அடியில் இருப்பவரை.
மீட்டரில் இரண்டு முள்.
போனது: இருநூற்று நாற்பத்தெட்டு.
திரும்பியது: அசைந்து அசைந்து ஒன்றில் நின்றது.
எங்கள் தொழிலில்
ஒன்றும் திரும்பி வராதிருப்பதுதான் நல்ல செய்தி.

கீழே ஆற்றோரம் ஏதோ ஒரு ஜன்னலில் விளக்கு.
கேரியுடையதா என்று தெரியாது.
ரோமன் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி
மானிட்டர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.
இது என்ன பாட்டு?
தெரியவில்லை, பாதியில்தானே நுழைந்தோம்.
முடிந்ததும் பெயர் சொல்வார்கள், இருங்கள் என்றேன்.
வேனுக்குள் ஹீட்டர் இருந்தும்
இருந்தோம்.