சலவைக்கடை மாடியில்

கீழே சலவை எந்திரங்கள் சுற்றுகின்றன.
மாடியில், பனி அப்பிய காலணிகளைக் கழற்றிவிட்டுப்
படுக்கிறார் குமாகாய்-சான்;
ஹகோதாத்தே துறைமுகத்தில் முப்பது வருடம்
கணவாய்ப் படகுகளுக்கு விளக்குக் கட்டியவர்.

"உங்கள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?"
என்னிடமிருந்து இல்லை, நான் வெறும் குழாய் என்கிறேன்.
மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்றும்.

கண்களின் மேல் கை.
தொடவில்லை, ஒரு தாள் நுழையும் இடைவெளி.
காதுகள். தொண்டை.
அங்கே கொஞ்சம் அதிகமாகவே நின்றது கை,
ஏனென்று கேட்காதீர்கள்.
இன்று மட்டும் கோபம் வேண்டாம்
என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறேன்,
காலையில்தான் வீட்டுக்காரரிடம் கத்தியிருந்தேன்.

வயிற்றருகே போனதும் உள்ளே தண்ணீர் புரள்கிறது.
"பசி" என்றார், கண் திறக்காமல்.
பிறகு குறட்டை.
கீழே எந்திரம் துணி பிழியத் தொடங்கித் தரை அதிர,
என் உள்ளங்கை சுடுகிறது:
ரெய்க்கியா, ஹீட்டரா,
பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காலணிக் கயிறு கட்டியபடி சொன்னார்:
"எனக்கு ஒன்றும் தெரியவில்லை."
கதவருகே திரும்பி,
"முடிவெட்டுகிறவனைத் தவிர
என் தலைப்பக்கம் ஒரு கை வந்து
எட்டு வருடம்."

நாட்காட்டியில் அடுத்த வியாழனை
அவரே சுழித்துவிட்டு
என் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு
இறங்கிப் போனார்.