ஏழு தபா

என் வீட்டுக்காரர் ஓட்டுவது தண்ணீர் லாரி.
காட்பாடி முதல் சத்துவாச்சாரி வரை
கல்யாணம், கருமாதி, கட்டடம்
எல்லாவற்றிலும் அவர் ஊற்றிய தண்ணீர்.
எங்கள் வீட்டு டிரம் மட்டும்
மத்தியானத்துக்குள் காலி.

சுத்தக்காரி என்று தெருவில் எனக்குப் பெயர்.
மருமகளைத் திட்டுகிறவர்கள்
என் வாசலைக் காட்டித் திட்டுவார்கள்.
ஒரு நோய் ஒளிந்துகொள்ள
பாராட்டைவிட நல்ல இடம் உண்டா?

ஆரம்பம் ஒரு பத்து ரூபாய் நோட்டு.
பெரிய ஆஸ்பத்திரி எதிரே பழக்கடையில்
மீதி கொடுத்தவன் விரலில் பிளாஸ்திரி,
அதன் ஓரத்தில் பழுப்பு.
நோட்டு பர்ஸைத் தொட்டது
பர்ஸ் பையைத் தொட்டது
பை என் தோளைத் தொட்டது
தோளில் சாய்ந்து தூங்கினான் பிள்ளை.
அவ்வளவுதான்.
அந்த நோட்டு செலவாகி வருஷம் மூன்று.
அது தொட்டது மட்டும்
இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என் வீட்டுக்குள்.

கை சுத்தம்; கண்ணுக்குத் தெரிகிறது.
மூக்குக்கும் தெரிகிறது, சோப்பு வாசம்.
தெரிந்த சேதி உள்ளே போய்ச் சேர்வதில்லை.
டிக்கெட் வாங்கிய பிறகும்
டிக்கெட், டிக்கெட் என்று
என் சீட்டருகே வந்து நிற்கும் கண்டக்டர்.

ஏழு தபா.
நடுவில் யாராவது பேசினால்
திரும்பவும் ஒன்றிலிருந்து.
ஒருநாள் ஆறாவது தபாவில்
"அம்மா" என்றான் லோகித்.
அடித்துவிட்டேன், ஈரக் கையால்.
அவன் கன்னத்தில் நுரை.
அழுகிற கன்னத்தையும்
பிறகு கழுவினேன்.

ராணிப்பேட்டைப் பக்கம் லாரி போய் வந்தால்
தோல் கழுவிய தண்ணீர்
ஓடையில் நீலமாய் நிற்பதைச் சொல்வார்.
உச்சுக் கொட்டிவிட்டு
சோறு போடப் போவேன்.
அது பயமில்லை எனக்கு.
கதவுத் தாழ்ப்பாள்தான் பயம்.

பாகாயத்தில் ஷைனி என்றொரு பெண்,
மலையாளம் ஒட்டிய தமிழ்.
புத்திமதி சொல்லவில்லை. கணக்குக் கேட்டாள்.
பத்துக்கு எத்தனை பயம்?
செருப்பு வார் மூன்று.
தாழ்ப்பாள் ஐந்து.
பஸ் கம்பி எட்டு.
பத்து ரூபாய் நோட்டு...
நான் வாயைத் திறக்குமுன் பத்து என்று எழுதிக்கொண்டாள்.

"பயம் ஏறும், அமுலு. ஏறினது இறங்கும்.
அது இறங்கறதை நீங்க பாத்ததே இல்ல.
அதுக்குள்ள குழாயைத் திறந்துடறீங்க."

செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி.
தாழ்ப்பாளைத் தொட்டேன், உள்ளங்கை முழுக்க.
சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்தேன்.
விரல் நுனிகளில் எறும்பு, எறும்பு, எறும்பு.
கையை எங்கே வைப்பது?
மடியில் வைத்தால் மடி போச்சு.
காற்றில் தூக்கிப் பிடித்தேன்
யாரோ துப்பாக்கி காட்டியதுபோல.

"சுத்தமா இருக்கா?" என்றேன் அவரிடம்.
ஆயிரம் தபா பதில் சொன்னவர்தான்.
சுத்தம்தாண்டி, பளபளன்னு இருக்கு, உன்மேல சத்தியம்.
அந்தச் சத்தியமும் ஒரு சோப்புதான் என்று
ஷைனி அவருக்கும் சொல்லியிருந்தாள்.
துண்டைத் திருகினார்.
லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது இருக்கும் முகம்.
"தெரியல, அமுலு."

அந்த ஒரு சொல்லில்
குடிக்கவும் இல்லை, கழுவவும் இல்லை தண்ணீர்.
அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பதினொன்றே கால்.
பதினொன்றரை.
பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தது.
எப்போதென்று தெரியாமல்
கை மடியில் இருந்தது.

முழுசாய் ஜெயித்தேன் என்று எழுத மாட்டேன்.
இரவு ஒன்பதுக்குப் போய்க் கழுவினேன்.
ஒரு தபா.
ஷைனியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

டிரம்மில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது.
எட்டிப் பார்த்து மூடினேன்.
மூடியைத் தொட்ட கை இது.
இதோடுதான் படுத்திருக்கிறேன்,
லோகித்தின் தலைமாட்டில்.